இன்னுமா ஆச்சி

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் தொட்டில் கட்டினால், நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டுக்கு முந்திச் சேதி போய்ச் சேருகிற ஆள் ஒருத்தர் தெருவுக்குத் தெரு உண்டு. ரத வீதியிலும் இருப்பார், தறிச் சத்தம் ஓயாத தெருக்களிலும் இருப்பார். இடுப்பில் சுருக்குப் பை, பைக்குள் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, கோயில் புற்றுமண். வாயில் எப்போதும் ஒரே கேள்வி. "இன்னுமா குப்புற விழல?" எங்கள் தெருவில் அந்தப் பதவியை வகிப்பவரை 'இன்னுமா ஆச்சி' என்றுதான் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆச்சிக்கும் அது தெரியும். பட்டம் கொடுத்தது மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார்.

பிள்ளை பார்க்க வருகிற மற்றவர்கள் மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று ஆரம்பிப்பார்கள். ஆச்சி மூக்கின் பக்கமே போக மாட்டார். வந்ததும் புற்றுமண்ணில் ஒரு கோடு பிள்ளையின் நெற்றியில். (வாயில் வைக்காதவரைக்கும் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.) அடுத்து, கழுத்து.

"ஏளா, கழுத்து நின்னுட்டா?"

"நின்னுட்டு ஆச்சி. நாலு மாசம் முடியப்போகுதுல்லா."

"குப்புற?"

"இன்னும் இல்ல ஆச்சி..."

"இன்னுமா?"

அந்த ஒரு சொல்லில் பிரசவித்து நாலு மாதமான பெண்ணுக்கு அன்று ராத்திரித் தூக்கம் போய்விடும். பாலைக் குறை சொல்வாள், உளுந்தங்களி சாப்பிடாத தன்னைக் குறை சொல்வாள், கடைசியில் எதிர்ப்பட்ட புருஷனைக் குறை சொல்வாள்.

ஆச்சியின் அளவுகோல், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன். அவன் மூன்றில் குப்புற விழுந்தான், ஐந்தில் உட்கார்ந்தான், ஏழில் நிலையைப் பிடித்து நின்றான், ஒன்பதில் முற்றத்தில் ஓடினான். இப்போது வயது முப்பத்திரண்டு. ஐ.டி. கம்பெனியில் காலை முதல் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தே இருக்கிறான். இருந்தாலும் தெருவில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவனோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது. இதுவரை ஒருவரும் ஜெயித்ததில்லை.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் ஆச்சியின் எல்லை விரிந்துவிடும். 108 சுற்றுச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டு ஜனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கிற கோமதி அம்மனின் கால்வலியை அந்த நடையில் பங்கு போட்டுக்கொள்வதாக நம்பிக்கை. ஆச்சியும் சுற்றுவார், ஆனால் கண் முழுக்க முன்னே போகிறவர்களின் இடுப்பில். முன்பின் தெரியாத கழுகுமலைப் பெண்ணை நிறுத்தி, "பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்பார். பதினொன்று என்றால், "அம்பாளே ஒத்தக் கால்ல நிக்கா, இவன் ரெண்டு கால்ல நிக்க மாட்டேங்கானே" என்பார். இதற்குள் சுற்றுக்கணக்கு தவறியிருக்கும். மறுபடி ஒன்றிலிருந்து.

உலக சுகாதார நிறுவனத்தில் ஆச்சியைக் கேட்காமலே ஒரு கணக்கு எடுத்துவிட்டார்கள். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலும் நடக்கலாம், 9.2 மாதத்திலும் நடக்கலாம். தானாக நடப்பது 8.2-லிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும். ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நடுவே ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தும் இரண்டு பேரும் சரியாகவே இருக்கிறார்கள். ஆச்சி தேதி வைத்திருக்கும் இடத்தில் அவர்கள் பருவம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழுக்கும் இது புதிதல்ல. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் சொன்ன பாட்டியல்காரர்கள் மூன்றாம் மாதம் காப்பில் தொடங்கி, ஐந்தில் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கை கொட்டும் சப்பாணி, பதின்மூன்றில் தளர்நடை போட்டு வரும் வருகை என்று ஒற்றைப்படை மாதங்களாக அடுக்கிக்கொண்டு போனார்கள். அவர்களும் ஆச்சி ஜாதிதான். ஆனால் புலவர்கள் அந்தப் பருவத்தை வைத்துப் பாடினார்களே தவிர, பிள்ளையின் அம்மாவைப் பிடித்து உலுக்கவில்லை.

எதிர்வீட்டில் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒரு தம்பி இருக்கிறான். ஆண் பிள்ளை, போன், கண்ணாடி. மற்றபடி அவனும் இன்னுமா ஆச்சிதான். அவனுக்குக் கோயம்புத்தூர்ப் பேரன் போனுக்குள் இருக்கிறான். வாராவாரம் ஒலி எழுப்பி, இந்த வாரம் உங்கள் குழந்தை இதைச் செய்ய வேண்டும் என்கிறான். தம்பியின் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். ஆச்சியும் போனும் ஒரே குரலில் "இன்னுமா?" என்று கேட்டதில் அவன் ஆடிப்போய் டாக்டரிடம் ஓடினான். அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தனை வாரம் முன்னாடி பிறந்தா?" எட்டு வாரம். "அப்ப ரெண்டு மாசத்தைக் கழிச்சுட்டுப் பாருங்க. ரெண்டு வயசு வரைக்கும் இந்தக் கணக்குதான்." தம்பி வந்து சொன்னதும் ஆச்சிக்கு முகம் மாறிவிட்டது. "பிறந்த பிறகு என்னத்தக் கழிக்கது? வயசு வட்டிக் கணக்கா?"

அதே தம்பி, பிள்ளை சீக்கிரம் நடக்கட்டும் என்று வட்டமான சக்கர வண்டி ஒன்றை வாங்கிவந்து அதற்குள் பிள்ளையைத் தொங்கவிட்டான். கனடாவில் 2004-லேயே அந்த வண்டியை விற்கக் கூடாதென்று தடை போட்டுவிட்டார்கள். மாடிப்படியில் உருளும், நடையையும் தாமதப்படுத்தும். ஆச்சிக்குக் கனடா தெரியாது. வண்டியைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளி, "பிள்ளையத் தரையில விடு. பாயை விரி, முழிச்சிருக்கப்போ கமுத்திப் போட்டு முன்னால நீ படுத்துப் பேச்சுக் கொடு. தொங்கவிட்டா எப்படி நடக்கும், வவ்வாலா?" என்றார். எந்தக் குழந்தை மருத்துவரும் கட்டணம் வாங்கிக்கொண்டு இதையேதான் சொல்வார், வவ்வால் மட்டும் இருக்காது.

கணக்கில் கோட்டை விட்டாலும் ஆச்சிக்குக் கண் கூர்மை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தார் 1991-ல் ஓர் அட்டவணை கொண்டுவந்தார்கள். இரண்டு வயதுவரைக்குமான 17 காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தலாக வைத்து, பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளில் எதையாவது பிள்ளை செய்யாமல் விட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். நம்முடைய கைகொட்டலும் அதில் இருக்கிறது. சத்தம் வந்த திசைக்குத் தலை திருப்புவதும் இருக்கிறது. ஆச்சியிடம் பென்சில் கிடையாது, செம்பு உண்டு.

தறிக்காரர் வீட்டில் ஏழு மாதப் பிள்ளை. முகம் பார்த்துச் சிரிக்கும், குப்புற விழும், வயிற்றால் நீந்தும். ஆச்சிக்குக் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆனால் தறி ஓடினாலும் தூங்கும், வேட்டுப் போட்டாலும் தூங்கும். தறிச் சத்தத்தில் பிறந்த பிள்ளை, பழகிவிட்டது என்று வீட்டில் பெருமை. ஒருநாள் தறி நின்ற நேரம். பிள்ளை விழித்து, பாயில் கிடந்த நூல்கண்டை வாய்க்குக் கொண்டுபோகிறது. ஆச்சி அதன் முதுகுப் பக்கமாகப் போய்ப் பித்தளைச் செம்பைத் தரையில் போட்டார். அடுப்படியில் இருந்தவள் பதறி ஓடிவந்தாள். தெருவில் போன நாய் நின்று பார்த்தது. பிள்ளை நூல்கண்டை விடவில்லை.

"நாளைக்கே நர்ஸம்மாட்ட காட்டு" என்றார் ஆச்சி. 'இன்னுமா' வரவில்லை.

பிள்ளையின் தாத்தா படித்தவர், விடவில்லை. "ஸ்ரீவைகுண்டத்துல குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலியே. அதுக்கப்புறம் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழே பாடலியா?"

"அவருக்குத் திருச்செந்தூர் முருகன் வந்தான். உம்ம பேரனுக்கு நர்ஸம்மாதான் வருவா. போங்க."

போனார்கள். காதுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், இப்போது பிள்ளையின் காதில் சின்னதாக ஒரு கருவி இருக்கிறது, ஆச்சியின் குரல் கேட்டால் திரும்புகிறான். இந்த ஒரு விஷயத்துக்காக ஆச்சி கெடுத்த ராத்திரித் தூக்கங்களையெல்லாம் மன்னித்துவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன். பாதியை மன்னிக்கலாம்.

போன ஆடித்தபசுக்குக் கோயம்புத்தூர்ப் பேரன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். கையில் அவன் மகன், பத்து மாதம். தெருவே வாசலில் கூடிவிட்டது. எத்தனை வருஷக் காத்திருப்பு! கொள்ளுப்பேரனைத் திண்ணையில் விட்டார்கள். அவன் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி, குண்டியால் நகர்ந்து நகர்ந்து, திண்ணையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

"இன்னுமா தவழல ஆச்சி?" பத்து வாய் ஒரே நேரத்தில் கேட்டது. அந்த நாலு மாதப் பிள்ளைக்காரியின் குரல் தனியாகவே கேட்டது.

ஆச்சி வெற்றிலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவரைப் பேச்சில்லாமல் பார்த்தது அன்றுதான். எதிர்வீட்டுத் தம்பிதான் மனம் பொறுக்காமல் போனை எடுத்து, அந்த ஐந்து நாட்டுக் கணக்கில் 4.3 சதவீதப் பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழாமலே நடைக்குப் போனதாகவும், இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் ஆச்சியின் காதில் சொன்னான்.

மறுநாள் பூச்சந்தைக்குப் போகும் வழியில் கேட்டேன், ஆச்சி மூன்றாம் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "தவழதெல்லாம் எல்லாப் பிள்ளையும் செய்யும்ளா. நூத்துக்கு நாலு பிள்ளைக்குத்தான் இப்படி வாய்க்குமாம். போன்லயே போட்டிருக்கான். ஆமா, ஒம் மவன் எப்படி, தவழ்ந்துட்டானோ?"

"தவழ்ந்துட்டான் ஆச்சி."

"தவழ்ந்துட்டானா? அடப் பாவமே."