வாரம் இரண்டு முறை, இரண்டு நிமிடம்

பூமியின் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் அண்டார்டிகாவில் பனிக்கட்டியாகக் கிடக்கிறது. அதன் உச்சந்தலையில், தென் துருவத்திலேயே, குடியிருக்கிறது அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையம். அங்கே குளியல் வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டே நிமிடம். காலுக்கடியில் சுமார் 2,700 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர்தான். ஆனால் அதை உருக்க எரிபொருள் வேண்டும். அது வெளியிலிருந்துதான் வந்து சேர வேண்டும். சோப்புப் போட்டவர் சீக்கிரம் முடிவெடுப்பது நல்லது.

எல்லாத் தீர்க்கரேகைகளும் கூடும் இடமாதலால் எந்த ஊர் மணியையும் வைத்துக்கொள்ளலாம். விமானம் வரும் வழியை உத்தேசித்து நியூசிலாந்து மணியை வைத்திருக்கிறார்கள். சூரியனுக்கு அதெல்லாம் கணக்கில்லை. செப்டம்பரில் உதித்தால் மார்ச்சில்தான் மறையும். "விடிந்ததும் செய்கிறேன்" என்று வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

பிப்ரவரியில் கடைசி விமானம் கிளம்பியதும், கோடையில் 150 பேர் நடமாடிய இடத்தில் நாற்பது சொச்சம் பேர் மிஞ்சுவார்கள். உடனே வழக்கப்படி கூடி உட்கார்ந்து 'தி திங்' படம் பார்ப்பார்கள். அண்டார்டிக முகாமில் மாட்டிக்கொண்டவர்களை வேற்றுக்கிரக ஜந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கதை. எட்டு மாதக் கூட்டுக்குடித்தனத்துக்கு என்னவொரு மங்களகரமான தொடக்கம்!

விண்ணப்பிக்க ஆசைப்படும் முனைவர்களே, ஒரு தகவல்: குளிர்காலத்தில் அங்கே விஞ்ஞானிகளைவிட சமையல்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் வகையறாதான் அதிகம்.