கண்ணீர்ப்புகை அண்ணை

பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைகளுக்குக் காய்கறி வாங்கப் போகிற எவருக்கும் இந்த அண்ணை அகப்படுவார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. வெயில் காலத்திலும் கழுத்தில் சால்வை. "புகை அடிச்சால் மூக்கைப் பொத்த வேணுமெல்லோ, தம்பி!"

2018 நவம்பர் 17 அன்று, எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அதன்பின் வாராவாரம் சனிக்கிழமை ரகளை. அப்படியொரு சனிக்கிழமை, வேலைக்குப் போன அண்ணை ஷான்ஸ் எலிஸே பக்கம் மாட்டிக்கொண்டார். மாட்டியது கால் மணி நேரம். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம். முதலில் புகைக்குண்டு அடுத்த தெருவில்தான் விழுந்தது. மறு தீபாவளிக்குள் அண்ணையின் காலடிக்கு வந்துவிட்டது. இப்போது அதை உதைத்தும் தள்ளிவிட்டார். பேரன் பிறந்தால் கையால் பிடிப்பார்.

அன்று முதல் அவர் கலவர நிபுணர். ரிப்பப்ளிக் சதுக்கத்தில் கிளம்பி நாசியோனில் முடிகிற தொழிற்சங்க ஊர்வலம் அவர் கணக்கில் 'சைவம்'. வழிநெடுக இறைச்சி சுட்டு விற்றாலும் சைவமே. போகும் பாதையை முன்கூட்டியே போலீஸ் தலைமையகத்துக்குச் சொல்லி, ராட்சத பலூனும் பாட்டுமாக, லா சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் மாதிரி அசைந்து போகும். முன்வரிசையில் கறுப்பு உடையும் முகமூடியுமாக ஒரு கூட்டம் சேர்ந்தால் 'அசைவம்'. வங்கிகள் கண்ணாடிக்குப் பலகை அடித்திருப்பதைப் பார்த்தே அன்றைய சமையல் என்னவென்று சொல்லிவிடுவார்.

மெத்ரோவில் 1, 4, 14 தடங்களை மட்டும் நம்பச் சொல்வார். "அதிலை ட்ரைவர் இல்லை. ட்ரைவர் இல்லாட்டி ஸ்ட்ரைக்கும் இல்லை!"

2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கும் சட்டத்தை, அரசமைப்பின் 49.3 பிரிவைக் காட்டி, நாடாளுமன்றத்தின் கீழவையில் வாக்கெடுப்பே இல்லாமல் அரசு நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தை எதிர்த்துக் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நகரில் ஆயிரக்கணக்கான டன் குப்பை தேங்கியது. அண்ணை கொதித்தார். "வந்த நாட்டிலை வாயை மூடிக்கொண்டு வேலை செய்யிற நாங்கள் எங்கை, இவங்கள் எங்கை! வேலை வெட்டி இல்லாத சனம்!"

அண்ணைக்கு உணவக அடுக்களையில் வேலை. நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவர். "அப்ப நீங்கள் 64 வரைக்கும் நிப்பீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன விசரே? அதுக்குத்தானே அவையள் கத்துகினம்!" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை ஊர்வலத்திலை சனம் குறைஞ்சு போச்சாம், தம்பி. இப்பிடி எல்லாரும் வீட்டிலை இருந்தால் என்ரை பென்சன் என்னாகிறது?"