எலிக்கு எதுக்கு மாப்பள விளம்பரம்?

வாங்க மொதலாளி, உக்காருங்க. காங்கயத்துல மரச்செக்குப் போட்டு, சித்திரையில கண்ணபுரம் மாட்டுச்சந்தை, ஜூலையில கோயமுத்தூர் கொடிசியா வெவசாயக் கண்காட்சி, ஆடியில அந்தியூர்ச் சந்தைன்னு ஊர் ஊராக் கடை போட்டு எண்ணெய் விக்கறீங்க. தங்கச்சி மவன் இப்புடி மேல வந்ததுல மாமனுக்குப் பெருமைதான். ஆனா ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத மாப்பள. வருசம் பூரா செக்கு ஓட்டறது நீ. காசு பார்க்கறது அந்தப் பிளெக்ஸ் கடைக்காரன். ஒவ்வொரு சந்தைக்கும் புதுசா ஒரு பேனரு. அவன் ஊட்டு மேல மாடி எழும்பிருச்சு. கிரகப்பிரவேசத்துக்கு உனக்குப் பத்திரிகையாவது வெச்சானா?

பேனர் சந்தையில கெடறதில்ல மாப்பள. அங்க அது நிக்கறது மூணு நாளோ நாலு நாளோ. மிச்ச நாளெல்லாம் உன்ற குடோன் அட்டாலியிலதான கெடக்குது? அதோட ஆயுசக் கொறைக்கறது அந்த அட்டாலிதான்.

நல்ல எடமாப் பார்த்துத்தான் வெச்சிருக்கற. மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழ கடலை மூட்டை. பிளெக்ஸுங்கறது என்ன? பாலியெஸ்டர் நூல் வலை மேல பிவிசி பூசுனது. வெறும் பிவிசி வெறப்பா நிக்கும். அது வளையட்டும்னு பிளாஸ்டிசைசர்னு எண்ணெய்ப் பதத்துல ஒன்னு சேக்கறாங்க. சித்திரை வெயில்ல கூரைக்கடியில வெந்துக்கிட்டுக் கெடந்தா அது மேல கசிஞ்சு பிசுபிசுங்கும். சுத்து மேல சுத்து ஒட்டிக்கும். சந்தையன்னிக்கு நீ வெசையாப் பிரிச்சு இழுக்கறப்ப, உன்ற மூஞ்சியில இருந்த மை பின்னால இருக்கற வெள்ளையில ஏறிக்குது. ஒரு மூஞ்சி அடிச்ச காசுக்கு ரெண்டு மூஞ்சி. யாவாரின்னா நீதான்.

அதுலயும் சிலதச் சுத்தாம, கல்யாண வேட்டியாட்ட நாலா மடிச்சு, மேல கல்லத் தூக்கி வெக்கறயே, அங்கதான் உன்ற நேர்மை தெரிஞ்சுது. மடிச்ச எடத்துல மை வெடிச்சு உதுரும். போன தடவை உன்ற பேனர்ல 'கலப்படமில்லாத எண்ணெய்'னு இருந்ததுல மடிப்பு எங்க உழுந்துச்சு தெரியுமா? 'மில்லாத' மேல. அது உதுந்து போயி, 'கலப்பட எண்ணெய்'னு கொட்டை எழுத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. இம்புட்டு ஒளிவு மறைவில்லாம யாவாரம் பண்றவன இந்தக் கிழவன் கண்டதில்ல.

மோட்டார் ரூம்புக்குப் பின்னால போர் போட்டப்ப மிஞ்சுன பைப்புத் துண்டு கெடக்குதே, அத எதுக்கு வெச்சிருக்கற, ஓணான் குடியிருக்கவா? மூணு இஞ்சுக்குக் கொறையாத பைப்பா ஒன்னெடுத்துக் கழுவிக் காய வெச்சு, அதுல சுத்து. படம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கமாச் சுத்துனா மை நசுங்கிச் சுருக்கம் உழுகும். கட்டுனதுக்கப்பறம் ஓரமெல்லாம் முன்னால சுருண்டுக்கிட்டு நிக்கும். சுத்துக்கு நடுவுல வெள்ளைக் காயிதம் குடு. செய்தித்தாள் வேண்டாம், அதோட மை உன்ற நெத்தியில ஏறி, யாரோ எவரோ செத்த சேதி உன்ற படத்துல வந்து நிக்கும். மேல பழைய பருத்தி வேட்டியச் சுத்தி, துணி நாடாவால லேசாக் கட்டு. நைலான் கயித்துல இறுக்கிக் கட்டறதுக்கு அதென்ன மொரட்டுக் காளையா? புதுசா அடிச்சு வாங்குனா, வாசம் அடங்கற வரைக்கும் ஒரு நாளு விரிச்சுப் போட்டுட்டுத்தான் சுத்தோணும். சால்வென்ட் மை அன்னிக்கே சுத்துனா ஒட்டும்.

சரி, அந்த ரோல் அப் ஸ்டாண்டிக்கு வருவோம். மூணுக்கு ஆறடி, அலுமினியப் பெட்டி, உள்ள ஸ்பிரிங்கு. காசு குடுத்து வாங்குன சாமான். அதச் சுருட்டறதுக்குன்னு நீ ஒரு வித்தை வெச்சிருக்கற. மேல கொக்கிய எடுத்துட்டு, கைய விட்டுட்டு, ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்க்கறது. 'படார்'னு உள்ள போவுதில்ல, அப்பவே ஸ்பிரிங்கோட பாதி உசுரு போச்சு. படம் கோணலாச் சுருண்டு ஓரம் பெட்டி வாயில உரசிக் கிழியும். மேல் சட்டம் வந்து மோதுற மோதுல பெட்டி மூடி ஒடையும். உன்ற வெரல் அங்க இருந்தா அதுவும்தான். ஒரு கையில மேல் சட்டம், ஒரு கையில கம்பி. கம்பியிலிருந்து கழட்டி, நேரா, சித்தெ சித்தெயா எறக்கி உள்ள உடு. ஆள் ஒன்னு கூட இருந்தா இன்னும் நல்லது; கடையில டீ குடிச்சுக்கிட்டு நிக்கறானே உன்ற சிநேகிதன், அவனுக்கும் ஒரு வேலை ஆச்சு.

உள்ள உடறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் துணியால ஒரு தொடப்புத் தொடச்சுடு. கண்ணபுரம் சந்தையில மாட்டுக் குளம்பு கெளப்புன புழுதி அத்தனையும் அதுல அப்பியிருக்கும். அதோட சுருட்டுனா ஒவ்வொரு தடவை இழுக்கறப்பவும் மண்ணு படத்தக் கீறும். அடியில திருப்பற கால் ரெண்டையும் உள்ள தள்ளு, மூணு துண்டுக் கம்பியக் கழட்டி மடக்கு, பையில போடு. கம்பிக்குள்ள ரப்பர் கயிறு ஓடுது. அத முறுக்கி இழுத்து அத்துப்புட்டு, பொறகு சணல்ல கட்டிக்கிட்டு நிக்காத. இன்னொன்னு: படம் பழசானா பெட்டியோட தூக்கிப் போடோணும்னு எவன் சொன்னான்? படத்த மட்டும் மாத்திக்கலாம். ஆனா ஸ்பிரிங்க நிறுத்தி வெக்கற பின்னு ஒன்னு இருக்குது பாரு, அதச் சொருவாம பழைய படத்தக் கழட்டுனா சுருளு மொத்தமா அவுந்துக்கும். அந்தப் பின்னு எங்கன்னு கேட்டா, நீ பல்லுக் குத்த எடுத்தேன்னு சொன்னாலும் சொல்லுவ.

எக்ஸ் ஸ்டாண்டிக்குச் சந்தை முடிஞ்சதும் நாலு மூலையையும் கழட்டி உட்டுடு. இழுத்த இழுப்புலயே மூலையில நிக்க வெச்சா ஐலெட் ஓட்டை வாயப் பொளந்துக்கும். துணியில அச்சடிச்சது மடிச்சாலும் பொறுத்துக்கும். அதுக்கு மேல அதுகளப் பத்திப் பேச ஒன்னுமில்ல.

எலிக் கதைக்கு வாரேன். கடலையும் கொப்பரையும் குமிச்சு வெச்ச குடோன்ல, எண்ணெய்க் கையோட சுத்துன பேனர அட்டாலியில போட்டா, எலிக்கு அது மெத்தை போட்ட பிரசவ ஆஸ்பத்திரி. 'வாடிக்கையாளர்களை வருக வருக என வரவேற்கிறோம்'னு கை கூப்பிக்கிட்டு நீயே படத்துல நிக்கற. எலிக்குப் படிக்கத் தெரியாதுன்னா நெனைச்ச? அதனால பேனரு குடோன்ல வேண்டாம், ஊட்டுக்குள்ள கொண்டா. எலி வராதுன்னு பாச்சை உருண்டைய அள்ளிச் சுருளுக்குள்ள போட்டுறாத. அது பிளாஸ்டிக்குல பட்டா எளகி ஒட்டிக்கும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவற சோப்ப தண்ணியில கரைச்சு மெல்லிசுத் துணியால தொடச்சாப் போதும். மண்ணெண்ணெய், தின்னர்னு கெளம்புனா கறையும் போவும், மையும் போவும், நீயும் போயிருவ. படத்துலருந்துன்னு சொல்றேன் மாப்பள.

ஐப்பசி, கார்த்திகையில ஈரத்தோட சுருட்டுனா பூசணம் பிடிக்கும், ஸ்டாண்டி ஸ்பிரிங்கு துரு ஏறும். வெயில்ல போட்டு வறுக்காத, நெழல்ல காத்தாட உலர்த்து. உன்ற பொஞ்சாதி வாங்கற செருப்புப் பெட்டியிலயெல்லாம் ஈரம் உறிஞ்சற சிலிக்கா பொட்டலம் வருதே, அதுல நாலெடுத்துப் பைக்குள்ள போடு. அந்தம்மா செருப்பு வாங்கறதுக்கும் ஒரு பிரயோசனம் கெடைக்கட்டும். மாசம் ஒருக்கா பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்பச் சுத்து. பை மேல உள்ள இருக்கறது என்னன்னு மார்க்கர்ல எழுதி வெய்யி. கொடிசியாவுக்குப் போயி பிரிச்சா உன்ற காதுகுத்துப் பேனரு வந்து நிக்கக் கூடாதில்ல?

இத்தனையும் பண்ணிப்புட்டு, 'தேதி மாறிப் போச்சே மாமா, புதுசுதான் அடிக்கோணும்'னு வந்து நிப்ப. தேதியையும் கடை நம்பரையும் பேனர்ல அடிக்கச் சொன்னது ஆரு? அந்த எடத்த வெறுமனே உட்டு, சின்னத் துண்டுல தனியா அடிச்சு ஒட்டிக்கோ. நீதான் அங்க கடையிலயே உக்காந்திருக்கயே, உன்ற மூஞ்சிய எட்டடிக்கு அடிக்கறதையும் சித்தெ கொறைச்சா எண்ணெய்ப் பேரு இன்னும் பெருசாத் தெரியும்.

அதுக்காக மட்டமான மெல்லிசுப் பிளெக்ஸாப் பார்த்து வாங்கிறாத. 100 மைக்ரானுக்குக் கீழ இருக்கற பிளாஸ்டிக், பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1லிருந்து நாடு பூரா தடை. நெசமாவே கிழிஞ்சு போனா வைக்கப்போருக்கு மூடு, கட்டுத்தறிக்கு மறைப்புக் கட்டு. மாடு ஒன்னும் எழுத்துப் பெழை பார்க்காது. போகி நொம்பிக்குக் கொளுத்திறாத. பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு பொகை வரும், டையாக்சினும் வரும். ஊரே இருமும், நீ மேளம் அடிச்சுக்கிட்டு நிப்ப.

அந்தியூருக்கு இன்னும் நாளிருக்குது. பிளெக்ஸ் கடைக்குப் போன் போடறதுக்கு முன்னால அட்டாலிய எறக்கிப் பாரு மாப்பள. போன வருசத்துது மூணும் அங்கதான் கெடக்கும், ரெண்டாவது தேறும்.