பல்லைப் பிடிச்சுப் பாரு, மருமவனே

ஏ மருமவனே, புத்தகக் கடையில சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள ஊருக்கே வாசிக்கச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிட்டியே!

நேத்து ஃபேன் காத்துக்காக உன் கடையில ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வந்து, "சுயசரிதை நல்லதா ஒண்ணு குடு தம்பி"ன்னாரு. 'என் சரித்திர'த்தை எடுத்து நீட்டினே. உத்தமம். அதோட வாயை மூடியிருக்கலாம்ல? "முடிவு பிரமாதமா இருக்கும் சார்"னு ஒரு போடு போட்டியே! உ.வே.சா. 1940-ல விகடன்ல ஆரம்பிச்சு, எழுதி முடிக்காமலே 1942-ல கண்ணை மூடிட்டாரு. இல்லாத முடிவு உனக்கு மட்டும் எங்கடா கிடைச்சது? பிட் அடிச்ச பயலைப் பார்க்குற மாதிரியே வாத்தியார் உன்னைப் பார்த்தாரு.

அலமாரியாவது ஒழுங்கா இருக்கான்னா, 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்துல சொருகிக் கிடக்கு. அந்த ஜே.ஜே. சுந்தர ராமசாமி 1981-ல பெத்துப்போட்ட கற்பனைப் பிள்ளைடா. எவனாவது நம்பி, கேரளத்துல ஜே.ஜே. வீட்டைத் தேடி அலையப் போறான்.

நாப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசினதுல ஒருத்தன்கூட என்னை ஏசினதில்ல. சரி, ரெண்டு பேர் ஏசினான். மாட்டோட பல்லை எல்லாரும்தான் பிடிச்சுப் பார்ப்பான். நான் வாங்க வர்றவன் செருப்பைப் பார்ப்பேன். கரிசல் மண்ணு ஒட்டியிருந்தா ஒரு மாடு, செம்மண்ணுன்னா வேற மாடு. நீ என்னடான்னா, கைக்குழந்தையோட வந்த பொண்ணுக்கு 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகத்தையும் அடுக்குறே. அது இடுப்புல குழந்தையைத் தூக்குமா, வந்தியத்தேவனைத் தூக்குமா?

'வாடிவாச'லைக் குடுத்திருந்தா குழந்தை தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிருக்கும். சின்னப் புத்தகம், ஜல்லிக்கட்டுக் கதை. சி.சு.செல்லப்பா புத்தக மூட்டையைத் தானே சுமந்து காலேஜ் காலேஜா ஏறி இறங்கி வித்த மனுசன். அவரைப் பார்த்து, "நீ இதைப் படிச்சிருக்கியா?"ன்னு எவனாவது கேட்க முடியுமா?

என்ன முறைக்குறே? நான் படிச்சிருக்கேனான்னா?

அதுக்குத்தானேடா சொல்றேன், எனக்கு ஒண்ணு எடுத்து வை. பத்து பர்சென்ட் கழிவு போட்டு, மிச்சத்தை உன் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லு.