பந்தியும் பணிவும்

கேள்வி: ஞாயிறு ஆராதனை, திருவிருந்து, காணிக்கை மூன்றையும் தவறாமல் நிறைவேற்றும் கிறிஸ்தவர் கீழ்ப்படியாதவராக இருக்க முடியுமா? (வாசகர், பைக்காரா)

பதில்: முடியும், 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ச் சபையே அதற்குச் சான்று. ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்ந்து கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூரும் திருவிருந்து அங்கே முறையாக நடந்தது. ஆனால், அந்தப் பந்திக்கும் சாதி பார்த்தே மக்கள் வந்தனர். இவ்வேற்றுமையை அறவே ஒழிக்குமாறு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டபோது, பலர் சாதியை விட மனமின்றிச் சபையை விட்டனர். சடங்கைத் தவறவிடாதவர்கள், சடங்கு கேட்டதைச் செய்ய மறுத்தனர்.

கேள்வி: அப்படியானால் ஆராதனையே தேவையில்லையா?

பதில்: பைக்காராவில் வாழ்பவருக்கு இந்த ஐயம் எழலாமா? 1932இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தில், மேலே தேக்கிய நீர் குழாய்வழியே சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கிச் சுழலியைச் சுழற்றிய பின்னரே விளக்கு எரிகிறது. எனவே தேக்கமும் வேண்டும், இறக்கமும் வேண்டும். ஆராதனையில் பெற்ற அருள் அயலாரிடம் இரக்கமாக இறங்குவதே கீழ்ப்படிதல். அவ்வாறு இறங்காத பக்தி, எத்தனை ஞாயிறுகள் நிறைந்தாலும், ஒரு வீட்டுக்கும் வெளிச்சம் தராது.