டெஸ்கோ வரி

கேள்வி: பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குத் தனி வரி கேட்டனவாமே இங்கிலாந்து நகர மன்றங்கள்? கடைசியில் நம் தலையில்தானே விடியும்?

பதில்: 2014-இல் டெர்பி நகர மன்றம் முன்னே நிற்க, சுமார் 20 மன்றங்கள் கேட்டன. எல்லாக் கடைக்கும் அல்ல. வரி மதிப்பீடு 5 லட்சம் பவுண்டைத் தாண்டிய ராட்சதக் கடைகளுக்கு மட்டும், அந்த மதிப்பில் 8.5 சதவீதம் வரை. வசூல் அந்தந்த ஊருக்கே. டெஸ்கோ என்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டை நினைத்து ‘டெஸ்கோ வரி’ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது; மத்திய அரசுதான் மறுத்துவிட்டது.

விலை ஏறுமா? பால் பாட்டிலில் பத்து பென்னி ஏற்றிப் பார்க்கட்டும், கூட்டம் மலிவு விலைப் போட்டிக் கடையான ஆல்டியில் நிற்கும்! வட அயர்லாந்தில் 2012-இலேயே பெரிய கடைகளிடம் கூடுதலாக வாங்கி, சின்னக் கடைகளின் வரிச் சுமையைக் குறைத்தார்கள். தெருமுனை ரொட்டிக் கடைக்காரர் அதனால் கொஞ்சம் மூச்சு விட்டால், அது நல்ல வரி. டெர்பி கேட்டது நியாயம்தான்.