வாங்கலாம், வைத்திருக்கலாம், பற்றவைக்க மட்டும் இடமில்லை

லாஸ் வேகாஸில் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கல்யாண லைசென்ஸ் கொடுக்கிறார்கள். ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று எதற்கும் விடுமுறை கிடையாது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஏதாவதொரு கல்யாணக் கூடத்துக்குள் நுழைந்தால், எல்விஸ் பிரெஸ்லி வேஷம் போட்ட ஒருவர் இடுப்பை ஆட்டிப் பாடியே முகூர்த்தத்தை முடித்துவைப்பார். ஒரு கெஜ நீள பிளாஸ்டிக் குப்பியில் மதுவை நிரப்பிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரிப் என்கிற அந்தப் பெருவீதியில் உறிஞ்சியபடியே நடக்கலாம். சூதாட்ட மேஜையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்து எதிராளியின் முகத்தில் ஊதலாம். 2006இல் நெவாடா கொண்டுவந்த புகைத் தடைச் சட்டமே காசினோ தளத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. இப்பேர்ப்பட்ட ஊரில், லைசென்ஸ் உள்ள கடையில், வரி கட்டி, ரசீதோடு வாங்கிய கஞ்சாவை ஒரு கிழவர் தன் அறையில் இரண்டு இழுப்பு இழுக்க இடம் கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

அந்தக் கிழவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் இருப்பது அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லரில். வேலைக்காலம் முழுக்க அடுப்பு மாதிரி கொதிக்கும் அரிசோனாக் கூரைகளில் ஓடு வேய்ந்தவர். முதுகுத்தண்டும் இரண்டு முழங்கால்களும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. 2020 நவம்பரில் எங்கள் மாநிலத்தவர் ஓட்டுப் போட்டு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதிலிருந்து, ராத்திரி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இரண்டு இழுப்பு, பிறகு தூக்கம். எழுபதாவது பிறந்தநாளை வேகாஸில் கொண்டாட ஆசைப்பட்டார். "எழுபதுக்கு பீமரத சாந்தி பண்ணணும். இந்தத் தம்பி சூதாடப் போகுதாம்" என்றாள் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. சொல்லிவிட்டு, தானும் வருவதாகச் சேர்ந்துகொண்டாள்.

அறை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பாக்குக்கூடப் போடாதவன். அதற்கு மேல், கிரீன் கார்டு கையில், குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் என்று திரிசங்கு சொர்க்கத்தில் தொங்குபவன். ஆனால் அமெரிக்கர்களுக்கு ஒரு நம்பிக்கை: தமிழன் என்றால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றால் எதையும் கண்டுபிடித்துவிடுவான். என் மனைவி பிரசவ வலியில் துடித்த நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த மனிதர் அவர். அவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் சிக்கல் வண்டி ஏறுவதற்கு முன்பே வந்தது. சாண்ட்லரிலிருந்து வேகாஸ் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். அரிசோனாவில் கஞ்சா சட்டபூர்வம், நெவாடாவில் சட்டபூர்வம். நடுவில் கொலராடோ ஆற்றின் மேல் ஒரு பாலம். வீட்டில் இருக்கும் பொட்டலத்தோடு அந்தப் பாலத்தைத் தாண்டினால், மாநிலம் விட்டு மாநிலம் போதைப்பொருள் கடத்திய குற்றம்! இந்தக் கரையில் மருந்து, அந்தக் கரையிலும் மருந்து, ஆற்றுக்கு மேலே ஆகாயத்தில் இருக்கும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் கடத்தல். பக்கத்திலேயே ஹூவர் அணை வேறு. அது வாஷிங்டன் அரசின் சொத்து. அங்கே மாநிலச் சட்டம் வாயைத் திறக்கவே முடியாது. ஆகவே கிழவர் வெறுங்கையோடு வந்து, நெவாடாவில் புதிதாக வாங்க வேண்டும். கேரளாவுக்குப் போகிறவன் செங்கோட்டையில் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகிற கதை.

வாங்குவது சுலபம். நெவாடாவில் 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து, 2017 ஜூலை 1 முதல் கடை திறந்துவிட்டார்கள். 21 வயது ஆகியிருந்தால் போதும். 2024இலிருந்து இரண்டரை அவுன்ஸ், அதாவது எழுபது கிராம் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி பிளானட் 13 என்றொரு கடை இருக்கிறது. கடை என்று சொல்வதே குறைவு; நம்மூர் ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கடல் அளவுக்கு இருக்கும். எல்லாம் சரி, எங்கே வைத்துப் புகைப்பது? சட்டம் தெளிவாகச் சொல்கிறது: சொந்த வீட்டில். பொது இடத்தில் பற்றவைத்தால் 600 டாலர் வரை அபராதம். ஆண்டுக்கு ஏறக்குறைய நாலு கோடிச் சுற்றுலாப் பயணிகள் வரும் ஊரில், வீடு உள்ளவன் மட்டும்தான் புகைக்கலாம் என்று எழுதி வைத்த புண்ணியவானை நினைத்து நான் கும்பிடு போட்டேன்.

ஹோட்டல் தேடும் தளங்களில் எத்தனை வகைச் சல்லடை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நாய் வரலாமா, பூனை வரலாமா, நீரூற்றைப் பார்த்த ஜன்னல் வேண்டுமா, குளியல் தொட்டி உண்டா, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கஞ்சாவுக்குக் கட்டம் இல்லை. அதற்கென்று ஒரு குழூஉக்குறி உண்டாம்: 420 ஃப்ரெண்ட்லி. 1971இல் கலிபோர்னியாவில் சான் ரஃபேல் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலர் சாயங்காலம் 4:20க்குக் கூடிப் புகைத்ததில் வந்த எண். நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பேரே 420ன்னு போட்டிருக்கான், அவன்கிட்டயா கார்டு நம்பரைக் கொடுக்கப் போறீங்க?"

வேறு வழியில்லாமல் போனைக் கையில் எடுத்தேன். பெயர் வேண்டாம், ஸ்ட்ரிப்பில் பெரிய கை ஒன்று.

"ஸ்மோக்கிங் ரூமா சார், நான்-ஸ்மோக்கிங் ரூமா?" குரல் தேனாக வந்தது.

"ஸ்மோக்கிங்."

"நல்லது. சிகரெட், சுருட்டு எதுவும் தாராளமாகப் புகைக்கலாம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூலிகை?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஸ்பாவுக்கு இணைப்புக் கொடுக்கட்டுமா சார்?"

"இல்லம்மா. இது வேற மூலிகை. எனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு."

உலகத்தில் இதுவரை எந்த வரவேற்பாளரும் அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பியதில்லை. அந்தப் பெண்ணும் நம்பவில்லை. "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது சார்" என்றாள். என் குடியுரிமை விண்ணப்பம் சிறகு முளைத்துப் பறப்பது எனக்குக் கண்முன் தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

இன்னொரு இடத்தில் ஓர் இளைஞர் எடுத்தார். அனுமதி இல்லை என்று விதியை ஒப்பித்துவிட்டு, குரலை இறக்கி, "யாரும் புகார் கொடுக்காத வரைக்கும் நாங்கள் கதவைத் தட்டுவதில்லை" என்றார். புகார் வந்தால்? அறையைச் சுத்தப்படுத்தும் கட்டணம் முந்நூறு, ஐந்நூறு டாலர் என்று கார்டில் ஏறிவிடும். ஏற்கெனவே அறை வாடகைக்கு மேல் ராத்திரிக்கு நாற்பது, ஐம்பது டாலர் ரிசார்ட் ஃபீ என்று எதற்கென்றே தெரியாமல் அழுகிறோம். ஜன்னலைத் திறந்து வைத்துப் புகைத்தால் என்ன என்று கிழவர் கேட்டார். ஸ்ட்ரிப்பின் உயரக் கட்டடங்களில் பெரும்பாலும் ஜன்னல் திறக்காது. சீட்டாட்டத்தில் தோற்றவன் ஜன்னல் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

ஹோட்டல்காரர்கள் மேல் கோபம் வந்து விசாரித்தபோதுதான் சங்கதி புரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. இங்கே பூசாரி வாஷிங்டன். 1970இல் போட்ட சட்டத்தில் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் உட்காரவைத்தார்கள். நெவாடா மக்கள் ஓட்டுப் போட்டதால் கூட்டரசுச் சட்டம் மாறிவிடாது. காசினோ நடத்துபவனுக்கு உயிர்நாடி சூதாட்ட லைசென்ஸ். லைசென்ஸ் வைத்திருப்பவன் கூட்டரசுக் குற்றத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் சூதாட்ட வாரியம் கறார். கஞ்சாக் கடைகூட காசினோவிலிருந்து 1,500 அடி தள்ளித்தான் இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்துச் சூதாட இடம் கொடுக்கும் நிறுவனம், முதுகுவலிக்காரன் விடும் புகைக்கு ஏன் பயப்படுகிறது என்றால், காரணம் ஒழுக்கம் இல்லை. லைசென்ஸ் போனால் கோடிக்கணக்கில் போகும், கஞ்சாப் புகையில் சல்லிக்காசு வராது. எனக்கு இதில் அவர்கள் மேல் ஒரு மரியாதையே வந்தது. கணக்குத் தெரிந்தவர்கள்.

சகித்துக்கொள்ளும் ஹோட்டல் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சஹாரா அவென்யூவில் 2023இல் லெக்ஸி என்றொரு சின்ன ஹோட்டல் திறந்தது. சூதாட்டம் கிடையாது, அதனால் லைசென்ஸ் பயமும் கிடையாது. நான்காவது மாடி முழுக்கக் கஞ்சாக்காரர்களுக்கு ஒதுக்கி, காற்றைச் சுத்திகரிக்க இயந்திரமும் வைத்தார்கள். ஆனால் பெரியவர்களுக்கு மட்டுமான இடம். எங்கள் கூட்டத்தில் அம்மா, மனைவி, பள்ளிக்கூடப் பையன் எல்லாரும் இருக்கிறோம். கிழவரைத் தனியாக அங்கே விடலாமா என்று கேட்டேன். "பிறந்தநாளுக்கு என்னை நாடு கடத்துகிறாயா?" என்றார்.

புகைக்கும் கூடங்களுக்கு 2021இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மாநில லைசென்ஸோடு முதல் கூடம் திறக்க 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. அங்கே மது விற்கக் கூடாது, சூதாட்டம் கூடாது. உட்கார்ந்து புகைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். இளவட்டங்களுக்குச் சரி. தூக்கம் வருவதற்காகப் புகைக்கிறவர் அங்கே போய்ப் புகைத்துவிட்டு, தூங்கி வழிந்துகொண்டே டாக்சி பிடித்து அறைக்கு வர வேண்டுமா?

இத்தனை கட்டுப்பாடும் எழுத்தில்தான் என்பது ஸ்ட்ரிப்பில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. நடைமேம்பாலம் ஒவ்வொன்றிலும் கமகமவென்று வீசுகிறது. நான் மகனின் மூக்கைப் பொத்தாத குறை. அம்மா மட்டும் நின்று, நிதானமாக மோந்து பார்த்தாள். "ஏலே, இது சதுரகிரி ஏறுற வழியில சாமியாருங்க உக்காந்திருப்பாங்கள்ல, அந்த வாசம்ல! இங்கயும் மலைக்கோயில் இருக்கா?"

கடைசியில் ஸ்ட்ரிப்பை விட்டு விலகி, காசினோ இல்லாத ஒரு சாதாரணத் தங்கும் விடுதியில் அறைகள் போட்டேன். புகைப் பிரச்சினையைக் கிழவரே தீர்த்துக்கொண்டார். கஞ்சா மிட்டாய்! புகை இல்லை, வாசனை இல்லை, பக்கத்து அறைக்காரன் புகார் கொடுக்க வழியில்லை. அவர் கடைக்குள் போனபோது நான் காரை விட்டு இறங்கவில்லை. கடையின் கேமராவில் என் முகம் விழாதபடி கார் ஓட்டும் கையேட்டை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் மிட்டாய்ப் பை. குழந்தைகள் திறக்க முடியாதபடிதான் அதை விற்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு ஓரத்தையும் ஒரே சமயத்தில் அழுத்தி, நடுவே இழுத்துப் பிரிக்க வேண்டும். கூரை ஓடு தூக்கித் தூக்கிக் கணுவெல்லாம் வீங்கிய விரல்களுக்கு அது மசியவில்லை. குழந்தையிடமிருந்து காப்பாற்றத் தைத்த பை, யாருக்கு வலியோ அவரிடமிருந்தே மருந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் நீட்டினார். என் கைரேகை ஏற்கெனவே குடியேற்றத் துறையிடம் இருக்கிறது. இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"குடுங்க தம்பி" என்றாள் அம்மா. சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். பித்தளைப் பிடி போட்டது, பாட்டி வழி வந்தது. கொட்டைப்பாக்கையே தூளாக்கும் அதற்கு பிளாஸ்டிக் எம்மாத்திரம்? நறுக்கென்று மூலையை வெட்டி, உள்ளேயிருந்து சர்க்கரை தூவிய ஒரு சிவப்புத் துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் பத்து மில்லிகிராம், முதல்முறை சாப்பிடுகிறவர்கள் பாதியில் ஆரம்பிப்பது நல்லது, வேலை செய்ய ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்று கிழவர் விளக்கியதை நான் மொழிபெயர்த்தேன். அம்மா கேட்டு முடிக்கும் முன்பே பாக்குவெட்டி இன்னொரு தடவை நறுக்கென்றது. சரிபாதி. "பாதி போதும். மீதியை நாளைக்குத் தாரேன்" என்று, எழுபது வயதுக்காரருக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, மற்றதை முந்தானையில் முடியப் போனாள். டூரிஸ்ட் விசாவில் வந்த பெண்மணி! நான் பாய்ந்து தடுத்து, பாதித் துண்டைக் கிழவர் கையிலேயே திணித்து, அவரை அவர் அறைக்கு அனுப்பி, என் தாயின் முந்தானையைத் தண்ணீர் விட்டு அலசச் சொன்னேன்.

காலையில் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். அடுத்த பயணத்துக்கும் அம்மா வருவாளா என்று கேட்டார். என் தீர்ப்பைக் கேட்டால், வேகாஸில் ஹோட்டலைத் தேடாதீர்கள், மிட்டாயைத் தேடுங்கள் என்பேன். அதுவும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.

எச்1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் தம்பி தங்கைகளே, பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களே, நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாநிலத்தில் சட்டபூர்வம் என்பது உங்களுக்குச் செல்லாது. மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா விவகாரம் குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. நீங்களாக வாய் திறந்து ஒப்புக்கொண்டாலே போதும், கேஸ் தேவையில்லை. கடை வாசலில் நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். யாராவது அன்பாகக் கையில் திணித்துவிட்டால், ஹாரி ரீட் விமான நிலையத்தில் அதைப் போட்டுவிட்டுப் போவதற்கென்றே பச்சைப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டு உள்ளே போனால் வரிசையாகச் சூதாட்ட இயந்திரங்கள் மின்னும். அதில் இருபது டாலரைத் தொலைத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அதற்கு எந்த விசாவிலும் தடையில்லை.